தலைக்கு இத்தனை

தாழந்துறைத் தீவு தனி நாடாகி, தனக்கென்று ஒரு கொடியும் தபால்தலையும் கண்டு, கடன் தரும் வாசல் ஒன்று விடாமல் ஏறி இறங்கி முடித்திருந்த காலத்தில், புதிய பந்தய மைதானத்துக்கான கடனில் கையெழுத்தான அதே வாரம், அரசு மருத்துவமனையில் மீன்காரி செல்லக்கிளிக்குப் பிறந்த ஆண்குழந்தை, முதல் அழுகையை அழுது முடித்ததும், ஒரு மூட்டை அரிசியின் கனத்துக்கு வந்தது. பார்ப்பதற்கு எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற தலை, சுருங்கிய முகம், மூடிய விரல்கள். நர்ஸ் ரெஜினா தூக்கப் போய், முடியாமல் நிமிர்ந்து, வார்டு ஆயாவைக் கூப்பிட்டு, இருவருக்கும் முடியாமல், வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும் கூப்பிட்டு, மூவருமாகச் சேர்ந்து தராசில் வைக்க, முள் ஒரு சுற்று சுற்றிப் போய் மறுபக்கத்து ஆணியில் முட்டி நின்றது. அன்று சாயங்காலத்துக்குள் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் அப்படியே இருந்தன. வயிற்றில் இருக்கும்வரை பஞ்சு போல இருந்தவை, அழுததும் கனத்தன. பிள்ளைகளுக்கு அது ஒன்றும் தெரியவில்லை. பால் குடித்தன, தூங்கின, கனவில் சிரித்தன.

டாக்டர்கள் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். செல்லக்கிளி படுக்கையில் சாய்ந்தபடியே காரணத்தைச் சொல்லிவிட்டாள்.

"பேப்பர்ல தினம் போடுறாங்களே, பிறக்குற ஒவ்வொரு பிள்ளை தலையிலயும் இத்தனை கடன்னு. எழுத்துல இருந்தது எடைக்கு வந்துருச்சு. இதுக்கு எதுக்கு ஊசி குத்துறீங்க?"

அவள் சொன்னது மறுநாள் மீன் சந்தையில் பரவி, அங்கிருந்து பள்ளிவாசல் தெருவுக்கும் மாதா கோயில் மேட்டுக்கும் போய், வாரக்கடைசியில் தீவு முழுக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயமாகிவிட்டது. ஒப்புக்கொண்ட பிறகு ஆக வேண்டியதைப் பார்த்தார்கள். தச்சர்கள் உடைந்த கப்பல்களின் மரத்தை விலைக்கு வாங்கித் தொட்டில் செய்தார்கள். சேலை தாங்காத இடத்தில் படகுப் பாயும், கயிறு தாங்காத இடத்தில் நங்கூரச் சங்கிலியும் வந்தன. தாய்மார்கள் பிள்ளையை எடுத்துப் பால் கொடுப்பதை விட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துப் பால் கொடுத்தார்கள். காதுகுத்துக்கு ஒரு தாய்மாமன் மடி போதாமல், சித்தப்பன் பெரியப்பன் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து தொடையோடு தொடை சேர்த்து ஒரே மடியாக்கினார்கள். பிள்ளையின் எடைக்கு எடை சர்க்கரை தருவதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் தவித்து நிற்க, குருக்களே யோசித்து, தராசின் மறுதட்டில் பெற்றவளை உட்காரவைத்து, அதுவும் போதாமல் போக, அப்பனையும் ஏற்றி, குடும்பத்தையே காணிக்கையாகக் காட்டித் திரும்ப அனுப்பினார். துறைமுகத்துச் சுமைகாரர் சங்கம் கூடி, பிள்ளை தூக்கக் கூப்பிட்டால் எந்த வேலையையும் போட்டுவிட்டுப் போவது என்றும், அதற்குக் கூலி வாங்குபவன் சங்கத்தில் இருக்க முடியாது என்றும் தீர்மானம் போட்டது.

ஒவ்வொரு புதுக் கடனுக்கும் எடை ஏறியது. நிதியமைச்சகத்தில் பேனா மூடும் முன்பே கடற்கரைத் தெருவில் தொட்டில் சங்கிலி முனகும். "எங்கேயோ கையெழுத்துப் போட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டே ஆண்கள் எழுந்து, தொட்டிலுக்கு அடியில் இன்னொரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, மறுநாள் பத்திரிகையில் அது எந்தக் கையெழுத்து என்று பார்த்துக்கொள்வார்கள். கனம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் தூக்கும் கை ஒன்றல்ல. முத்துமாளிகைத் தெருவில், மைதானத்துக்குச் சிமெண்ட் விற்றவர்களும் சாலைக்குத் தார் விற்றவர்களும், கட்டிலுக்குக் கட்டில் போக இரும்புத் தண்டவாளமும் மின்சாரக் கப்பியும் வைத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு பொத்தானை அமுக்கினால் பிள்ளை எழும்.

இப்படிப்பட்ட நாட்டில், இடுப்பு வலி என்று காரணம் எழுதிக்கொடுத்துவிட்டு ஒரு நிதியமைச்சர் விலக, அந்த நாற்காலியை வேறு யாரும் கேட்காததால், அது அருளாயிக்கு வந்தது.

அருளாயி உப்பளத்தில் வளர்ந்தவள். நொடித்துப்போன உப்பு உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பி நிறுத்தி, அந்தப் பெயரிலேயே சட்டசபைக்கு வந்தவள். இளம் வயதில் ஆண்களுக்குச் சமமாக உப்பு மூட்டை சுமந்திருக்கிறாள்; "ஒரு கை கொடு" என்று அவள் யாரையும் கேட்டு யாரும் கேட்டதில்லை. கணவன் கடலோடு போன பிறகு, மகள் மதுரவல்லியைத் தனியாகவே வளர்த்துப் படிக்கவைத்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சேந்தனுக்குக் கட்டிக்கொடுத்தாள். அமைச்சரானதும் கோப்புகளைப் பார்த்தபோது, பழைய கடனின் வட்டியைக் கட்டவே புதுக் கடன் வாங்கிவருவது தெரிந்தது. வாசலில் நிற்கும் கடன்காரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனிடம் வாங்கிக் கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதிர்வீட்டில் வாங்கிக் கொடுக்கும் குடும்பங்களை அவள் உப்பளத்தில் பார்த்திருக்கிறாள். அவை எப்படி முடிந்தன என்றும் பார்த்திருக்கிறாள்.

அவள் முதல் பட்ஜெட்டுக்குத் தயார் செய்துகொண்டிருந்த மாசி மாதத்தில் மதுரவல்லிக்குப் பெண் பிறந்தது. வடிவு என்று பெயர் வைத்தார்கள். சுமைகாரர் சங்கத் தலைவர் மீரான், தன் ஆட்களோடு மருத்துவமனைக்கு வந்து, மூங்கில் பல்லக்கில் பிள்ளையை வைத்து, கடைத்தெரு வழியாக வீடு சேர்த்தார். இரண்டு பக்கமும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அந்நாளில் அது வழக்கமாகியிருந்தது. எந்த வீட்டுப் பிள்ளை போனாலும் கடைக்காரன் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பான். "கனமான பிள்ளை வருது, வழி விடுங்க" என்று முன்னால் போகிறவன் குரல் கொடுக்கும் தோரணையில், ராஜா வருவதைச் சொல்லும் மிடுக்கு இருந்தது. வேறு தேசங்களில் பிள்ளைகளைக் காற்றாடி போலத் தூக்கிக்கொண்டு திரிகிறார்களாம் என்று தாழந்துறைப் பெண்கள் கொஞ்சம் இளக்காரமாகவே பேசிக்கொண்டார்கள்.

வீட்டில், பிள்ளையைக் கிடத்திவிட்டு எல்லாரும் போன பின், அருளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"அம்மா, வேணாம். இவரும் வரட்டும்" என்றாள் மதுரவல்லி.

"நான் தூக்காத மூட்டையா?"

இரண்டு கைகளையும் பேத்திக்கு அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்து, உப்பளத்தில் பழகிய விதமாக முழங்காலில் பலம் வைத்து எழப்பார்த்தாள். பிள்ளை அசையவில்லை. கொட்டாவி விட்டது. அருளாயி கைகளை உருவிக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற சேந்தன் மெல்லச் சொன்னான்:

"நான் தினம் கப்பல் கப்பலாத் தூக்குறேன், அத்தை. என் பிள்ளையை ஒருநாள் தூக்கிப் பாக்கல."

பட்ஜெட்டுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில், கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதி கப்பலில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், வெயிலுக்கு வெள்ளைக் குடை பிடித்திருந்தார், குழந்தைகளைக் கண்டால் குடையைச் சாய்த்து நிழல் கொடுப்பார். பிரதமர் கந்தவேளின் அறையில் உட்கார்ந்து, இளநீர் குடித்துவிட்டு, தங்கள் யோசனையைச் சொன்னார். துறைமுகத்தை நூறு வருஷத்துக்கு எழுதிக்கொடுங்கள். கடன் முழுவதும் தள்ளுபடி. மறுநாள் காலையில் உங்கள் பிள்ளைகள் எல்லாரும் பூப்போல இருப்பார்கள். மறுப்பதானால் வட்டி கட்டப் புதுக் கடனும் தயாராக இருக்கிறது, அதில் பிரதமர் ஆசைப்பட்டுக் குழி தோண்டி வைத்திருக்கும் வெற்றித் தூணையும் கட்டிக்கொள்ளலாம்.

அவர் போன பிறகு பிரதமர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அருளாயி அம்மா, ரெண்டுல ஒண்ணை எடுத்துத்தான் ஆகணும். என்னைக் கேட்டா துறைமுகத்தைக் கொடுத்திடலாம். பெத்தவங்க கண்ணீர் நிக்கும்."

"துறைமுகத்தைக் கொடுத்துட்டு நாம எந்த வழியா வெளிய போறது, ஐயா?"

"அவங்க விடுவாங்க."

"விடுறதுக்கு அவங்க யாரு?" என்று கேட்டாள் அருளாயி. கேட்டுவிட்டு, கோப்புகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வானொலி செய்தியைச் சொல்லிவிட்டது. தீவு இரண்டாகப் பிரிந்து பேசியது. அருளாயி மறுநாள் காலையில் காரை விட்டு இறங்கி மீன் சந்தைக்குள் நடந்தபோது செல்லக்கிளி வழிமறித்தாள். அவள் மகன் இப்போது தவழும் வயது. அவன் தவழ்ந்த இடத்தில் மண் தரையில் தடம் விழுந்தது.

"அமைச்சரம்மா, துறைமுகத்தையா நான் பக்கத்துல போட்டுப் படுத்துக்கிறேன்? பிள்ளையைத்தான். ராத்திரி அவன் என் கைமேல புரண்டு விரலு முறிஞ்சுது, பாருங்க. கொடுத்துட்டு வாங்க. கப்பலு எவன் பேருல வந்தா என்ன?"

அவள் காட்டிய விரல் கோணலாக இருந்தது. மீரான் அங்கேதான் நின்றார். எதிர்த்து ஏதோ சொல்ல வந்தவர், விரலைப் பார்த்துவிட்டு, பிள்ளையை நிழலுக்குத் தூக்க ஆட்களைக் கூப்பிட்டார்.

அருளாயி அங்கிருந்து நேரே மகள் வீட்டுக்குப் போனாள். மதுரவல்லி வடிவுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குத் தோள் இறங்கி, முகம் மெலிந்திருந்தது. அருளாயி எல்லாவற்றையும் சொன்னாள். துறைமுகம், வெள்ளைக் குடை, மீன்காரியின் விரல்.

"நீ சொல்லு" என்றாள். "உனக்கு வலிக்குதுன்னா கொடுத்திடுறேன். நான் உசுரோட இருக்கிறது உனக்காகத்தான், நாட்டுக்காக இல்ல."

மதுரவல்லி பிள்ளை பக்கம் திரும்பினாள். பிள்ளையின் வயிற்றில் கை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதும்மா. இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா நாளைக்கு இவ வளந்து கேப்பாளே, என் அப்பா யாருக்கு வேலை பாக்குறாரு, இந்தக் கடல் யாருதுன்னு. எனக்குத் தோள் வலிச்சுது, அதனால கொடுத்துட்டோம்னு சொல்லவா? அந்தக் கனம் இதைவிடப் பெரிசு." கொஞ்சம் நிறுத்தி, குரலை மாற்றாமல் சொன்னாள்: "கொடுக்காத. புதுசா வாங்கவும் வாங்காத. நான் தூக்குறேன். ஆனா நான் மட்டும் தூக்கமாட்டேன். வாங்கின பணத்துல யார் வீடு மாடி மேல மாடி ஏறிச்சோ, அவங்களும் தூக்கட்டும். எங்க தெருவுல ஏழு பேர் சேந்து ஒரு பிள்ளையைத் தூக்குறோம். முத்துமாளிகைத் தெருவுல பொத்தானை அமுக்குறாங்க. அவங்களைத் தூக்கச் சொல்ல உனக்குத் தைரியம் இருக்கா?"

அருளாயி மகளையே பார்த்தாள். தன் வயிற்றில் பிறந்தது இவ்வளவு நிமிர்ந்து பேசுமா என்று நினைத்தாள். எழுந்து வாசலுக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாக, தெருவைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"யாராச்சும் வந்து ஒரு கை கொடுங்க. என் பேத்தியைத் தூக்கணும்."

ஆறு வீட்டுக் கதவு திறந்தது. கொத்தனார் வந்தார், பால்காரி வந்தாள், மாவு மில்காரர் மாவோடு வந்தார். எல்லாருமாகக் கை கோத்து வடிவைத் தூக்கி அருளாயியின் மடியில், அவள் முழங்கால்களுக்குக் கீழே பலகைகளை முட்டுக்கொடுத்து, கிடத்தினார்கள். அந்தக் கனத்தில் அவள் கால் மரத்துப்போகும்வரை பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் யாரும் போகவில்லை. சுற்றி நின்று, தங்கள் சொந்தப் பொருள் ஒன்றைக் காட்டுகிறவர்கள் போலப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பட்ஜெட் அன்று சட்டசபைப் புல்வெளிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். யாரும் போராட்டம் என்று சொல்லவில்லை. கொடியும் கோஷமும் இல்லை. "நம்ம பிள்ளைங்க பேரைச் சொல்லித்தான் உள்ள பேசப்போறாங்க. பிள்ளைங்க கேக்க வேணாமா?" என்று மீரான் கேட்டிருந்தார், அவ்வளவுதான். மாட்டுவண்டியிலும், லாரியிலும், மூங்கில் பல்லக்கிலும், மீன் ஐஸ்பெட்டி தள்ளும் வண்டியிலுமாக, தீவின் கனத்த பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர, அம்மாக்கள் அவர்களைப் புல்லில் படுக்கவைத்து, மேலே சேலையால் பந்தல் கட்டி, விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தரை மெல்ல இறங்கியது. சட்டசபைக் கட்டடம் வாசல் பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்தது. உறுப்பினர்களின் மேசையிலிருந்த பேனாக்கள் உருண்டு, நடுக்கூடத்தைக் கடந்து, வாசலை நோக்கிப் போயின. காவலர்கள் அவற்றைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க மீண்டும் உருண்டன.

அருளாயி சாய்ந்த தரையில் காலை ஊன்றி நின்று வாசித்தாள். துறைமுகம் தரப்படாது. புதுக் கடன் வாங்கப்படாது. வெற்றித் தூண் கட்டப்படாது. தோண்டிய குழி குழியாகவே இருக்கட்டும். அமைச்சர்களுக்கு இனி கார் இல்லை, எனக்கும் சேர்த்து. சர்க்கரை பாதியாகக் குறையும், பஸ்கள் குறையும், அதற்கு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள். கடன் பணத்தில் மைதானமும் சாலையும் கட்டி லாபம் பார்த்தவர்கள், பார்த்த லாபத்தில் பாதியை நாட்டுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். தராதவர்கள், வாரத்துக்கு ஒருநாள் கடற்கரைத் தெருவுக்கு வந்து பிள்ளை தூக்க வேண்டும்.

கடைசி வரியில் சபை சலசலத்தது. சிமெண்ட் வியாபாரிகளின் பிரதிநிதியான ஓர் உறுப்பினர் எழுந்து, இது அவமானம் என்றார்.

"பிள்ளை தூக்குறது அவமானமா?" என்றாள் அருளாயி. "வெளிய போய் அந்த அம்மாமாருங்க முன்னாடி நின்னு சொல்லுங்க."

அவர் சன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வாக்கெடுப்பில், பிரதமர் கந்தவேள் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்து, எல்லாருடைய கையும் எழுந்தபின், தலை சொறிவதுபோலத் தன் கையையும் உயர்த்தினார். பட்ஜெட் நிறைவேறியது. புல்வெளியில் ஒரு பிள்ளையின் எடையும் குறையவில்லை. எல்லாரும் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஆனால் அன்று முதல் தொட்டில் சங்கிலி முனகவில்லை. வெள்ளைக் குடைக்காரர் கப்பலேறும் முன் புல்வெளியில் விழுந்திருந்த பள்ளங்களைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, அருளாயியைக் கும்பிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

அதன் பிறகு வந்தவை சுலபமான வருஷங்கள் இல்லை. டீயில் சர்க்கரை குறைய, டீக்கடையில் அருளாயியின் பெயர் வசவாயிற்று. ஜனங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து நடந்தே போனார்கள். தூணுக்குத் தோண்டிய குழியில் மழை நிறைந்து தாமரை முளைத்தது. முத்துமாளிகைத் தெருக்காரர்களில் பாதிப் பேர் பணத்தைக் கட்டினார்கள்; அதுவும் மிச்சம் பிடித்ததுமாகச் சேர்ந்து, கடன் வருஷாவருஷம் கொஞ்சம் அடைந்தது. கட்ட மனமில்லாத சிலர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கடற்கரைத் தெருவுக்கு வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கத் தொடங்கி, சில மாதங்களில் பிள்ளைகளின் பெயர் சொல்லி விசாரிக்கும் அளவுக்கு வந்தார்கள். கனத்த பிள்ளைகள் வளர்ந்தன. தாமதமாகத்தான் நடந்தன, ஆனால் நடக்கத் தொடங்கியவை விழவில்லை. வடிவு எட்டு வைத்தால் பாத்திரங்கள் அதிரும். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் அவள் அசையாமல் நின்று அப்பாவின் கிரேனைப் பார்த்துக் கையாட்டுவாள். மதுரவல்லி, "எங்க பிள்ளைங்களைக் காத்து ஒண்ணும் செய்யாது" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்வாள்.

அடுத்த தேர்தலில் அருளாயி தோற்றாள். வைப்புத்தொகை மட்டும் மிஞ்சியது. ஜெயித்தவர் புதுக் கடன் வாங்கப் பேனாவைத் திறந்ததாகவும், தீவின் பெண்கள் எல்லாரும் அவரவர் வாசலில் வந்து பேசாமல் நின்றதாகவும், அவர் பேனாவை மூடியதாகவும் சொன்னார்கள். அருளாயி பழையபடி உப்புச் சங்க அலுவலகத்துக்குப் போய்வந்தாள்.

ஒரு ஐப்பசி மாதத்தில், வேலை முடிந்து, கூட்டமான பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. பாலத்து நிறுத்தத்தில் ஓர் இளம்பெண் இரண்டு பையோடு ஏறினாள். மார்போடு துணியில் ஒரு பச்சைக் குழந்தை. பஸ் கிளம்பிய குலுக்கலில் கம்பியைப் பிடிக்கக் கை போதாமல், அந்தப் பெண் குழந்தையை அவிழ்த்து, யார் எவர் என்று முகம்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் வச்சுக்கோங்கம்மா" என்று அருளாயியின் மடிக்கு நீட்டினாள்.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் கையை நிறுத்தினார். நின்றிருந்த ஆண்கள் பழக்கத்தில் பைகளைக் கீழே போட்டுவிட்டுத் தூக்க முன்வந்தார்கள். அருளாயி இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினாள். கனமாகத்தான் இருந்தது, ஒரு பச்சைக் குழந்தை இருக்க வேண்டியதைவிடக் கனம், நிறைந்த தண்ணீர்க் குடத்தின் கனம். ஆனால் தாங்க முடிந்தது. தனியாக, இரண்டு கைகளில் தாங்க முடிந்தது. குழந்தை அவளைப் பார்த்தது. பிறகு அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது.

"யார் வீட்டுப் பிள்ளை இது?" என்று கேட்டாள் அருளாயி.

"நம்ம பிள்ளைதான்மா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

கண்டக்டர் விசிலை ஊதினார். தான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோதும் அருளாயி இறங்கவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கடைசி நிறுத்தம்வரை போனாள்.